தைப்பூசக் குப்பையும் தம்பி போட்ட வீடியோவும்

மொரீஷியஸ் வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கைப்பேசியைச் சுற்றித்தான். பாதிப் பேர் கிரியோலில் குரல்பதிவாக அனுப்பியிருந்தார்கள். அவற்றைத் தமிழில் எழுதியது நான். பெயர் வேண்டாம் என்றவர்கள் அதிகம், அதனால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். யாராவது கேள்வி கேட்டால் சும்மா இருக்க எனக்கு வராது.

மிஸ், என் மகனுக்குப் பதினேழு வயது. தைப்பூசத்தன்று காவடி ஊர்வலம் போன வழியெல்லாம் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களையும் கப்புகளையும் படம்பிடித்து, "முருகனுக்கு மயில் இருக்கிறது, இந்தக் குப்பைக்கு என்ன வாகனம்?" என்று கேட்டு டிக்டாக்கில் போட்டுவிட்டான். கோவில் நிர்வாகத்தார் வீட்டுக்கே வந்து, வீடியோவை எடுத்துவிட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்ய?
— ஒரு தாய், குவாத்ர் போர்ன்

முதலில் உங்கள் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள். பிள்ளை ஊரறியப் பேசியதற்குத் தண்டனையாக அப்பா வாய் மூடிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் அனுப்பிய வீடியோவை முழுக்கப் பார்த்தேன். அதில் இரண்டு வீடியோ இருக்கிறது. ஒன்று குப்பையைப் பற்றியது. பாட்டில் கிடந்தது உண்மை, கப் கிடந்தது உண்மை. ஒரு தடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் தட்டு, கப் எல்லாவற்றுக்கும் இந்த நாட்டில் 2021 முதல் தடை இருக்கிறது. ஆகவே பையன் கேட்டது நியாயமான கேள்வி. மயில் வாகனக் கேலியில் எனக்குச் சிரிப்பு வந்தது; முருகனுக்கும் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இந்தப் பகுதிக்கு அவன் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று கடைசியில் வருகிறது. தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒரு வயதான அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் காட்டி, அவர் கப்பைக் கீழே போடுவதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தமும் சேர்த்திருக்கிறான். அந்த அம்மா நிர்வாகியும் இல்லை, தலைவரும் இல்லை. விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்று மற்றவர்களுக்கு மோர் ஊற்றிக்கொடுத்தவர். அவருக்கு டிக்டாக் என்றால் என்னவென்றும் தெரியாது, அங்கே போய்ப் பதில் சொல்லவும் முடியாது. அந்தப் பகுதியை இன்றே வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பையனைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பு அங்கே, திண்ணையில். கோவில் மண்டபத்தில் மைக் வைத்துக் கேட்பது வேறு வகைக் கூத்து.

நிர்வாகத்தாருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு எரிச்சல் வந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் எரிச்சல் வேறு, தீங்கு வேறு. நம் நாட்டில் 2001இல் வந்த தகவல் தொடர்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் இந்த 'எரிச்சல்' என்ற சமாச்சாரம் இருக்கிறது. அடுத்தவருக்கு எரிச்சல், வசதிக்குறைவு உண்டாக்கும் செய்தி அனுப்பினால் குற்றம் என்று அது சொன்னது. 2018இல் திருத்தி, மனவேதனை, அவமானம் என்று இன்னும் சிலவற்றைச் சேர்த்து, தண்டனையையும் பத்து வருடச் சிறை வரை உயர்த்தினார்கள். 2020 ஏப்ரலில், எல்லோரும் கோவிட் ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, பிரதமரைக் கேலிசெய்யும் ஒரு படத்தை முகநூலில் பகிர்ந்ததற்காக ஒரு பெண்ணைப் போலீஸ் கைதுசெய்தது. அடுத்த வருடம், அந்தப் பிரிவின் பழைய வடிவத்தில் வந்த ஒரு வழக்கில், 'எரிச்சல்' என்று மொட்டையாகச் சொன்னால் எது குற்றம் என்று குடிமகனுக்கு எப்படித் தெரியும் என்கிற பாணியில் நம் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று சொல்லிவிட்டது. நீதிபதிகளே ஏற்காத அளவுகோலை ஒரு பதினேழு வயதுப் பையன் மேல் கோவில் கமிட்டி வைப்பது எதற்கு?

அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது என்றாலும் அது முதன்மையாக அரசாங்கத்தின் கையைக் கட்டத்தான். கோவில் கோபப்படக் கூடாது என்று அது சொல்லவில்லை. கோபப்படுங்கள். அதே டிக்டாக்கில் பதில் வீடியோ போடுங்கள்: அடுத்த வருடம் தண்ணீர்ப் பந்தலில் என்ன கப், குப்பையை யார் அள்ளுவார்கள் என்று. பையன் பார்த்துக்கொண்டிருப்பான்.

"முதலில் நீ குப்பை அள்ளு, அப்புறம் பேசு" என்று ஒரு பெரியவர் சொன்னாராம், நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சாக்குத் தூக்கியவனுக்கு மட்டும்தான் வாய் என்றால் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஊமையாகிவிடுவார்கள், கமிட்டியில் பாதிப் பேரும் சேர்த்து.

2024 தேர்தலுக்கு முன்னால் சமூக ஊடகங்களை நிறுத்திவைத்தார்களே, அன்று வீட்டில் எவ்வளவு அமைதி! பிள்ளைகள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளின் கேம்பிரிட்ஜ் பரீட்சை நடக்கும் வாரங்களில் வருடாவருடம் அரசே நிறுத்தினால் என்ன?
— ஒரு தகப்பன், வாக்வா

என் அண்ணன் பேரன் அன்று மதியச் சாப்பாட்டுக்குள் விபிஎன், அதாவது தடையைச் சுற்றிப்போகும் செயலி, போட்டுவிட்டான். உங்கள் வீட்டு அமைதிக்குக் காரணம் உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாதது.

சரி, அந்த நாள் எதற்காக வந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் 'மிஸ்யே முஸ்தாஸ்', அதாவது மீசைக்கார ஐயா, என்ற பெயரில் யாரோ ஒருவர் தொலைபேசிப் பேச்சுப் பதிவுகளை ஒவ்வொன்றாக வெளியே விட ஆரம்பித்தார். அரசியல்வாதிகள், போலீஸ் அதிகாரிகள், வக்கீல்கள், பத்திரிகையாளர்கள் எல்லோருடைய குரலும் அதில் வந்தது. ஊரே காதில் கைப்பேசியோடு திரிந்தது. தீபாவளி பலகாரம் இன்னும் தீரவில்லை, நவம்பர் 1ஆம் தேதி காலையில் செய்தி வந்தது: சமூக ஊடகங்கள் 11ஆம் தேதி வரை நிறுத்தம். தேர்தல் 10ஆம் தேதி! அதாவது ஓட்டுப் போட்டு முடியும் வரை யாரும் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. தேசப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் சாதாரண ஜனங்களும் சத்தம் போட்டதில் அடுத்த நாளே தடையை எடுத்தார்கள். அது நவம்பர் 2. ஒப்பந்தத் தொழிலாளர்களாக நம் முன்னோர் இந்தத் தீவில் இறங்கியதை நினைக்கும் விடுமுறை நாள். தேர்தலில் அந்த அரசாங்கம் பிரதான தீவில் ஓர் இடத்தில்கூட ஜெயிக்கவில்லை. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 62 இடங்களில் 60 எதிரணிக்குப் போனது.

அந்தக் குழாயைத் திருகி மூடும் பழக்கத்தை எந்த அரசுக்கும் நாமே போய்ச் சொல்லித்தரக் கூடாது. இன்று பரீட்சைக்கு மூடுங்கள் என்போம். நாளைக்கு அவர்களுக்கு ஒரு பரீட்சை வரும், அன்றும் மூடுவார்கள். உங்கள் பிள்ளை படிக்க வேண்டும் என்றால், ராத்திரி எட்டு மணிக்கு அவன் கைப்பேசியை வாங்கி உங்கள் கைப்பேசியோடு சேர்த்து அலமாரியில் வையுங்கள். உங்களுடையதும் சேர்த்து என்பதைக் கவனித்தீர்கள்தானே?

எங்கள் தாத்தா, "உங்கள் தலைமுறைக்கு விரலால் தள்ளுவதைத் தவிர ஒன்றும் தெரியாது" என்கிறார். உங்கள் காலத்தில் நீங்கள் எல்லாம் என்னதான் செய்தீர்கள் மிஸ்?
— பதினாறு வயது மாணவி, போ பாசென்

உன் தாத்தாவுக்கு என் வயது என்றால், 1975 மே 20ஆம் தேதி எங்கே இருந்தீர்கள் தாத்தா என்று கேட்டுப் பார்.

நான் அப்போது ஃபோர்ம் ஃபோர், அதாவது உயர்நிலைப் பள்ளியில் நான்காம் வருடம். உயர்நிலைப் பள்ளியைத்தான் இங்கே காலேஜ் என்போம். என்னுடையது மாதாமாதம் பணம் கட்டிப் படிக்கிற தனியார் காலேஜ். கூரை ஒழுகும், ஆய்வுக்கூடம் என்று ஒரு மேசை. அரசுக் காலேஜில் படிப்பவர்களுக்கு எல்லாம் இருக்கும், எங்களுக்கு ஒன்றும் இருக்காது. பாடத்தில் இங்கிலாந்து ராஜாக்கள் வருவார்கள், எங்கள் கொள்ளுப்பாட்டி வெட்டிய கரும்பு வராது. கைப்பேசி ஏது அப்போது? எங்கள் தெருவிலேயே தொலைபேசி ஒரு வீட்டில்தான். பஸ் நிலையத்தில் ஒரு காலேஜ் பிள்ளைகள் இன்னொரு காலேஜ் பிள்ளைகளிடம் சொல்ல, அவர்கள் வீட்டில் அண்ணனிடம் சொல்ல, அப்படித்தான் சேதி பரவியது. அன்று காலையில் வகுப்பை விட்டு வெளியே வந்து போர்ட் லூயிஸ் நோக்கி நடந்தோம். கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட் பாலத்தில் போலீஸ் நின்றது. கண்ணீர்ப்புகை என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்தது. ஒரு செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை, நேராக விளக்குமாற்றை எடுத்தாள். "படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்கு அரசியல்?" என்று தெருவில் எல்லாப் பெரியவர்களும் கேட்டார்கள். உன் தாத்தா சொல்வதைப் போலவே இருக்கிறதா?

அந்த வருடம் முடிவதற்குள் ஓட்டுரிமை வயது 21இலிருந்து 18 ஆனது. 1976 தேர்தலில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். 1977 முதல் காலேஜ் படிப்பு இலவசம். என் தங்கை பைசா கட்டாமல் படித்தாள். நாங்கள் அன்று நடந்து போனது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அரசியல் கணக்குகளும் இருந்தன. ஆனால் நடக்காமல் இது வந்திருக்காது.

உங்கள் தலைமுறையும் சும்மா இருக்கவில்லை. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் பாயின்ட் டெஸ்னி பக்கம் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்து, சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. அதிகாரிகள், "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஒதுங்கி நில்லுங்கள்" என்றார்கள். பிள்ளைகள் ஒதுங்கவில்லை. கரும்புத் தோகை வேண்டும், பழைய துணி வேண்டும், காலி பாட்டில் வேண்டும் என்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மஹேபூர் கரையில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து தோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்பு செய்தார்கள். தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு, முடி எண்ணெயை உறிஞ்சுமாம். விரலால் தள்ளியதுதான் அவ்வளவு பேரை அங்கே கொண்டுவந்தது. ஆகஸ்ட் 29 அன்று அரசைக் கண்டித்துப் போர்ட் லூயிஸ் தெருக்கள் ஆட்களால் நிரம்பின.

ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்குக் கோபப்படுகிறீர்கள், காலையில் வேறு ஒரு கோபம். கொஞ்சம் நேரம் ஒரே கோபத்தில் இருந்து பாருங்களேன்.

பேத்திக்குப் பதினொன்று. வகுப்பில் எல்லோரிடமும் டிக்டாக் இருக்கிறது என்று அழுகிறாள். மறுப்பது அவள் சுதந்திரத்தைப் பறிப்பதாகுமா?
— ஒரு பாட்டி, மோக்கா

ஆகாது அக்கா. அந்த நிறுவனமே 13 வயதுக்குக் கீழே கணக்கு கூடாது என்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அப்படி ஒரு சட்டம் இங்கேயும் வேண்டுமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. குழந்தையின் வயதைச் சரிபார்க்கிறேன் என்று பெரியவர்களின் அடையாள அட்டையையும் சேர்த்துக் கேட்பார்கள். ஆனால் பாட்டி "இல்லை" என்று சொல்ல சட்டம் தேவையில்லை. பதிலுக்கு வேறு ஏதாவது கொடுங்கள். குரல்பதிவில் உங்களிடம் கதை கேட்டு அனுப்பச் சொல்லலாம்.

என் படத்தை வைத்து யாரோ போலிக் கணக்கு தொடங்கி, என் தோழிகளுக்கு அசிங்கமான செய்திகள் அனுப்புகிறார்கள். "அதுவும் பேச்சுச் சுதந்திரம்தானே" என்று வகுப்பில் ஒரு பையன் சிரித்தான். வீட்டில் சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள்.
— கல்லூரி மாணவி, ஃப்ளாக்

அந்தப் பையனிடம் சொல்: இன்னொருத்தி முகத்தை மாட்டிக்கொண்டு பேசுவது அவளுடைய குரலைத் திருடுவது. 2021இல் வந்த இணையக் குற்றச் சட்டத்தில் போலிக் கணக்கைத் தவறாகப் பயன்படுத்துவது தனிக் குற்றம். இணையத்தில் துன்புறுத்துவதும், அந்தரங்கப் படத்தைப் பழிவாங்கப் பரப்புவதும் அப்படியே. முன்னால் சொன்னேனே எரிச்சல், தீங்கு என்று, இது தீங்கு. சந்தேகமே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. எதையும் அழிக்காதே. அந்தக் கணக்கின் முகப்பு, அதன் இணைய முகவரி, ஒவ்வொரு செய்தி, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு. செய்தி வந்த தோழிகளையும் எடுத்து அனுப்பச் சொல். பிறகு அந்தச் செயலியிலேயே, ஆள்மாறாட்டம் என்ற காரணம் காட்டிப் புகார் கொடு, தோழிகளும் கொடுக்கட்டும். இணையக் குற்றங்களைத் தெரிவிக்க அரசு நடத்தும் 'மோகோர்ஸ்' தளம் இருக்கிறது, அதில் பதிவு செய். போலீஸ் நிலையத்துக்கும் போகலாம், தனியாகப் போகாதே. போலிக் கணக்கோடு வாக்குவாதம் செய்யாதே. நீ கோபப்படுவதைப் பார்க்கத்தான் அவன் காத்திருக்கிறான்.

வீட்டில் சொல்லத்தான் வேண்டும். அம்மா அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. பெற்றோர்களே, திருடன் வந்தான் என்று சொன்ன பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கினால் அடுத்த தடவை அவள் உங்களிடம் சொல்லமாட்டாள்.

நம் இளைஞர்கள் எதற்கெடுத்தாலும் முகநூலில் கொதிக்கிறார்கள். தமிழர்கள் இங்கே சிறு கூட்டம். அடக்கமாக இருப்பதுதானே நல்லது?
— ஒரு பெரியவர், போர்ட் லூயிஸ்

ஐயா, உங்கள் சட்டைப் பையில் ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கும் அடுத்து இந்தி. 1998இல் புது நோட்டு அடித்தபோது இந்த வரிசையை மாற்றித் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள். அன்று முகநூல் கிடையாது. கூட்டம் போட்டும் மனு எழுதியும் கொதித்தார்கள் தமிழர்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய வரிசையிலேயே மறுபடி அடித்தார்கள். அடக்கமாக இருந்திருந்தால் வரிசை மாறியே இருக்கும். கொதிப்பது வேறு சமூகத்தாரைத் திட்டுவதில் போய் முடிந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கண்டிக்கிறேன்.

நான் பெயர் சொல்லாமல் ஒரு பக்கம் நடத்துகிறேன். எங்கள் பகுதியில் நடக்கும் தவறுகளை எழுதுவேன். கோழைத்தனம் என்கிறார்கள் நண்பர்கள். பெயர் போட்டால் அப்பாவின் வேலை போய்விடும்.
— பத்தொன்பது வயது இளைஞன், ஊர் வேண்டாம்

1871இல் இந்தத் தீவின் பழைய குடியேறிகள், அதாவது ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்கள், 9,401 பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். படம் ஒட்டிய சீட்டு இல்லாமல் நடமாடினால் நாடோடி என்று பிடித்து உள்ளே தள்ளிய காலம் அது. அந்த மனுவுக்குத் துணைநின்ற அடோல்ஃப் தெ பிளெவித்ஸ் என்ற வெள்ளைக்காரரை போர்ட் லூயிஸ் தெருவில் வைத்து அடித்தார்கள். ஆனாலும் விசாரிக்க லண்டனிலிருந்து அரச ஆணையம் வந்தது. ஒன்பதாயிரம் பெயர் சேர்ந்து நின்றதால் அந்த மனுவை ஒதுக்க முடியவில்லை.

நீ ஒற்றை ஆள். பெயரைப் போடு என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது, அப்பாவின் சம்பளத்தில் வீடு நடக்கிறது. ஆனால் முகமூடி யார் முன்னால் போடுகிறாய் என்று பார். உன்னைவிடப் பலமான ஆள் என்றால், வேலையையோ அதிகாரத்தையோ கையில் வைத்திருப்பவர் என்றால், போட்டுக்கொள். தெருமுனையில் தால் பூரி விற்கிற ஆள், கூடப் படித்த பெண், பக்கத்து வீட்டு விவாகரத்து, இதையெல்லாம் முகமூடிக்குள்ளிருந்து எழுதாதே. நீ அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். நடைபாதை ஒப்பந்தம் பற்றிய பதிவுகள் நன்றாக இருக்கின்றன, ரசீதும் படமும் சேர்த்திருக்கிறாய். ஆனால் படத்தின் ஓரத்தில் உன் வீட்டு வாசல் எண் தெரிகிறது. அதை முதலில் மறை. அப்புறம் மார்ச் மாதம் அந்தப் பள்ளி ஆசிரியையைப் பற்றி எழுதியது. அது உனக்கு யாரோ சொன்னதுதானே? ஆதாரம் இருந்தால் சேர், இல்லையென்றால் இன்று ராத்திரியே எடுத்துவிடு. தவறு என்று அதே பக்கத்தில் எழுது. எழுதியதும் எனக்குச் சுட்டி அனுப்பு.